ஆறாவது குவளை

ஈப்போ பழைய நகரில், கதிரவேலுவின் மாடித் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்த பிரமிளா நாற்காலியில் உட்காரவே இல்லை.

“நாளைக்குள்ள நானே வேலைய விட்டுப் போகணுமாம் சார். இல்லனா நிப்பாட்டிருவாங்க. ஒரு பரம்பரையவே கொன்னுட்டேன்னு சொல்றாங்க.”

“எந்தப் பரம்பரை?”

“பன்னிங்க சார்.”

கிராப் வாடகைக் கார் ஓட்டும் நேரம் போக, கதிரவேலுவுக்கு உதவியாளராகவும் இருக்கும் தர்மா சிரித்துவிட்டான். காப்புறுதி விசாரணையில் இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்த கதிரவேலு சிரிக்கவில்லை. அழ வந்தவரின் துயரத்தைத் தரம் பிரிப்பது அவர் வழக்கமன்று.

பிரமிளா விவரித்தாள். சென்ற ஆண்டு கொள்ளைக் காய்ச்சல் அவர்கள் பண்ணையின் மந்தை முழுவதையும் அழித்தது. வெயிலைத் தாங்கும் அந்த இனத்தில் எஞ்சியது, ஓர் ஆண் பன்றியின் விந்து மட்டுமே. மெல்லிய குழல்களில் அடைத்து, ஆறு குவளைகளில் இட்டு, திரவ நைட்ரஜனில் உறையவைத்திருந்தார்கள். உறைந்த விந்து வலுவற்றது. நேரடிக் கருவூட்டலுக்குக் கோடிக்கணக்கில் உயிரணுக்கள் வேண்டும். கண்ணாடித் தட்டில் வேறு இனப் பன்றியின் முட்டையோடு சேர்த்தால் சில ஆயிரம் அணுக்களே போதும். அந்த வேலை பிரமிளாவுடையது.

“செப்டம்பர்ல நல்லா ஓடிச்சு சார். இப்ப மூணு குவளையிலேருந்து எடுத்துப் பார்த்தேன். எல்லாம் செத்துக் கெடக்கு.”

“சதி அண்ணே,” என்றான் தர்மா. “போட்டிக் கம்பெனிக்காரன் வேல லா இது.”

“போய்ப் பார்ப்போம்.”

சிம்பாங் பூலாய் தாண்டி, பழைய தோட்டத்தின் ரப்பர் ஸ்டோரே இப்போது ஆய்வுக்கூடம். மேலாளர் விக்னேஸ்வரன் கைகட்டி நின்றார். துப்புரவுப் பணியாளர் உடையப்பன் தேநீர் கொண்டுவந்தார். அவருடைய வலக்கை விரல் நுனிகள் மூன்றிலும் கட்டு.

“என்னாச்சு?”

“எண்ணெ தெறிச்சிருச்சுங்கையா.”

நுண்ணோக்கியின் அடியில் காய்ந்த சந்தனமும் குங்குமமும் இருந்தன. கதிரவேலு நைட்ரஜன் கலனைத் திறக்கச் சொன்னார். வெண்புகை விலகியதும் ஆறு குவளைகளின் கைப்பிடிக் கம்பிகள் விளிம்பில் தெரிந்தன. ஐந்து கம்பிகளின் வளைவில் மஞ்சள் கறை. ஆறாவது சுத்தமாக இருந்தது.

“துருவாண்ணே?”

“எவர்சில்வரில் ஏது துரு? பிரமிளா, நைட்ரஜன் குறைந்ததா?”

“இல்ல சார். தினமும் குச்சி விட்டு அளந்திருக்கு. உருக்குற தண்ணியோட சூடும் சரி. ரெண்டு தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்தேன்.”

“இடையில் விடுப்பு எடுத்தீரா?”

“மூணு நாள். ஆயுதபூசைக்குத் தஞ்சோங் மாலிம்ல அக்கா வீட்டுக்குப் போனேன்.”

கதிரவேலு நால்வரையும் மேசையைச் சுற்றி உட்காரவைத்தார். உடையப்பன் நின்றுகொண்டே இருந்தார். அவருக்கும் ஒரு நாற்காலியைக் கதிரவேலுவே இழுத்துப் போட்டார்.

“கலன் கசியவில்லை. கைத்தவறும் இல்லை. ஆகவே குவளைகள் வெளியே வந்து, வெப்பம் ஏறி, மறுபடி உள்ளே போயிருக்கின்றன. கம்பிகளில் இருப்பது ஆயுதபூசைச் சந்தனம். அழிக்க வந்தவன் பொட்டு வைத்துவிட்டுப் போகமாட்டான். கருவியை எடுத்துத் துடைத்துச் சந்தனம் வைப்பவன், அது நன்றாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவன். உடையப்பன், எண்ணெய் கண்ட இடத்தில் தெறிக்கும். உம் புண்ணோ, பொருளைப் பிடிக்கும் விரல்களின் நுனியில் மட்டும் இருக்கிறது. அது சூடு அல்ல, கடுங்குளிர்.”

உடையப்பன் கட்டைப் பார்த்தார். “குட்டி பொறக்கணும்னுதாங்கையா செஞ்சேன். ஒவ்வொண்ணா எடுத்து, பனிய தொடச்சி, பொட்டு வெச்சேன். கொஞ்ச நேரந்தான். அஞ்சாவதுல விரல் ஒட்டிக்கிச்சு. பயந்துபோயி மூடிட்டேன். அப்பறம் இந்தப் பொண்ண திட்டுறப்ப… வாயே வரலைங்கையா.”

“என்கிட்ட சொல்லிருக்கலாம்ல அண்ணே,” என்றாள் பிரமிளா மெதுவாக.

“ரெண்டு பேரையும் அனுப்பிட வேண்டியதுதான்,” என்றார் விக்னேஸ்வரன்.

கதிரவேலுவின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. “கலனைத் துடைக்க ஆள் வைத்தீர், உள்ளே என்ன இருக்கிறதென்று சொன்னீரா? எட்டாண்டு இந்த வாசலைக் கூட்டியவருக்கு எட்டு நிமிடம் ஒதுக்கினீரா? கருவியைக் கும்பிட அவருக்குத் தெரியும். அதை அறிந்துகொள்ள யார் வழிவிட்டது? அறிவைப் பூட்டி வைத்துவிட்டு, அறியாமைக்குத் தண்டனை விதிக்கிறீர். இது எந்த ஊர் நியாயம்?”

கதிரவேலு கலனின் பக்கம் திரும்பினார்.

“இன்னும் ஒன்று. ஐந்தாவதில் விரல் ஒட்டிக்கொண்டது. ஆகவே ஆறாவது வெளியே வரவே இல்லை. அதை எடும், பிரமிளா.”

“அதையும் வீணாக்கவா?” என்று விக்னேஸ்வரன் எழுந்தார், பிறகு தாமே உட்கார்ந்தார்.

பிரமிளா ஒரே ஒரு குழலை இடுக்கியால் எடுத்து, வெந்நீரில் உருக்கி, ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்து நுண்ணோக்கியில் குனிந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை. தர்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

நிமிர்ந்தவள் மேலாளரை அழைக்கவில்லை.

“உடையப்பண்ணே, வாங்க. நீங்க பாருங்க.”

எட்டாண்டு துடைத்த கருவியில் அவர் முதன்முறையாகக் கண்ணை வைத்தார்.

“ஓடுதும்மா,” என்றார். “நெளிஞ்சி நெளிஞ்சி ஓடுது.”

விக்னேஸ்வரன் எழுந்து, அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.