சுட்ட மெட்டு

பிளெயின்ஃபீல்டில் அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்த அன்று, பால் காய்ச்சிய கையோடு ஜம்புநாதன் பேஸ்மென்ட்டுக்குள் இறங்கிவிட்டார். மனிதருக்குப் பாட்டுப் பைத்தியம். பகலெல்லாம் கம்ப்யூட்டரோடு மாரடித்தாலும், நியூ ஜெர்சியில் நாலு பேர் தன்னை மியூசிக் டைரக்டர் என்று சொல்ல வேண்டும் என்ற ஆசை நெஞ்சு முட்ட இருந்தது. பாழாய்ப்போன மெட்டுதான் வரமாட்டேன் என்றது.

கீழே ஈர மண் வாசனை. கூடவே, யாரோ இப்போதுதான் அணைத்த சிகரெட்டின் வாசனை. மூலையில் ஒரு ரெக்கார்ட் பிளேயர், அதன் மேல் ஒரே ஒரு இசைத்தட்டு. கடையில் விற்ற தட்டு அல்ல. ஐம்பதுகளில் ஒரு ஜாஸ் பாடகி தனக்கென்று பதிந்து வைத்தது. லேபிளில் தன் பெயரை மசியால் அவளே எழுதியிருந்தாள்.

போட்டுக் கேட்டார். அடேயப்பா, என்ன குரல்! பாட்டு முடிந்ததும் அவள் பேசினாள். என் பாட்டை பேண்டு முதலாளி தன் பெயரில் போட்டுக்கொண்டான், இனி எவன் எடுத்தாலும் விடமாட்டேன் என்றாள். கடைசியாக ஒரு கேள்வி.

"ஹூஸ் சாங் இஸ் இட்?"

ஜம்புநாதன் சிரித்துவிட்டு, அந்த மெட்டுக்குத் தமிழில் வரி எழுத உட்கார்ந்தார்.

"ஏங்க, இது சுட்ட மெட்டுதானே? அந்தம்மா பேரையாவது போடுங்க" என்றாள் மனைவி ஸ்வர்ணா.

"நம்ம ஊர்ல எவன்டி சுடாம இருக்கான்? தமிழ்ச் சங்கத்துல ஜாஸ் கேக்கறவன் யாரு?"

சொன்னதோடு விட்டாரா? எவன் கண்ணிலாவது பட்டுத் தொலைக்கப்போகிறது என்று ஈரத்துணியால் லேபிளை அழுத்தித் துடைத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கூடப் பார்க்கவில்லை.

தீபாவளி விழாவில் பாடப்போவது மகள் விஷாகா. பதினோரு வயது, தேன் மாதிரி குரல். அந்தக் குரல்தான் ஜம்புநாதனுக்கு உயிர். பிராக்டிஸ் தொடங்கிய மறுநாளே அவள் பாதியில் நிறுத்தினாள்.

"அப்பா, மை மவுத் இஸ் பர்னிங்."

ஸ்வர்ணா பனங்கற்கண்டு போட்டுப் பால் கொடுத்தாள். குழந்தையின் மூச்சில் சிகரெட் வாசனை அடித்தது.

"அப்பா, ஹூ இஸ் தட் லேடி இன் தி பேஸ்மென்ட்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா கண்ணா, பாடு."

விழாவில் விஷாகா பாடி முடித்ததும் ஹாலே எழுந்து கைதட்டியது. தொகுப்பாளர் சிவராமகிருஷ்ணன் அங்கிள் மைக்கை நீட்டினார்.

"சூப்பர்டா! யாரோட பாட்டு இது?"

விஷாகா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பயந்த பார்வை. ஜம்புநாதன் மேடையேறி மைக்கை வாங்கினார்.

"என்னோடதுதான்."

விஷாகா வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

இருமினாள். அதற்கும் சத்தம் இல்லை. உதடெல்லாம் சூடு பட்டதுபோல் கொப்பளித்திருந்தது. ஜம்புநாதன் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். எமர்ஜென்சியில் டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று குழம்பினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஜம்புநாதன் பேஸ்மென்ட்டுக்கு ஓடினார். பிளக் சுவரில் இல்லை. முள் தட்டின் மேல் இல்லை.

தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

"ஹூஸ் சாங் இஸ் இட்?"

"உங்களோடதும்மா! யுவர்ஸ்! தப்பு பண்ணிட்டேன், என் பொண்ண விட்டுடுங்க!"

"ஹூ ஆம் ஐ?"

தட்டை நிறுத்தி விளக்கடியில் பிடித்தார். வெள்ளை லேபிள். ஒரு கோடு, ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. துணியை அன்றே துவைத்தாயிற்று.

படிக்கட்டில் ஸ்வர்ணா விஷாகாவை அணைத்தபடி நின்றாள். குழந்தையின் உதடுகள் அசைந்தன. குரல் அவர் கையிலிருந்த தட்டிலிருந்து வந்தது.

"அப்பா, ஷி வான்ட்ஸ் ஹர் நேம். ப்ளீஸ் டெல் ஹர்."

ஜம்புநாதனுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது.