பிரிக்காத உறைகள்

கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மதியம் இரண்டு மணி. கள்ளக்குறிச்சி வெயிலில் தார் இளகிக் கிடந்தது. ஸ்கேன் சென்டரின் கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் குளிர் முகத்தில் அறைந்தது. பினாயில் வாடை. சுவருக்குப் பின்னால், உள்ளே ஆளில்லாத நேரத்திலும், இயந்திரம் மூச்சு வாங்குவதுபோல் ஒலித்துக்கொண்டிருந்தது.

அங்கே படம் எடுக்கும் லூர்துராஜ்தான் போன் செய்து வரச் சொல்லியிருந்தார். என் மனைவி எழில்மதிக்கு மூளைப் படம் எடுத்தவரும் அவர்தான்.

அவள் தன் உயிரை முடித்துக்கொண்டு நாற்பத்து மூன்று நாள் ஆகிறது.

ஆறு மாதத்துக்கு முன் ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. மனச்சோர்வு யாரை எளிதில் பிடிக்கும் என்று மூளைப் படத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் போகிறார்களாம். முந்நூறு பேர் வேண்டும். எழில் போனாள். சம்மதப் படிவத்தில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. எம்.எஸ்சி. படித்தவன். எங்கள் தெருவே அதை இலவசப் பரிசோதனை என்று நினைத்தது. நானும். படம் எடுத்தார்கள், எதுவும் சொல்லவில்லை, ஆகவே எதுவும் இல்லை.

பிறகு மனசு சரியில்லை என்று அவள் சொன்னபோதெல்லாம் என்னிடம் ஒரே பதில்தான்.

"ஸ்கேன்லயே ஒண்ணுமில்லடி."

லூர்துராஜ் என்னைத் திரைக்கு முன் உட்கார வைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மிஷின் ஒழுங்கா இருக்குதான்னு பாக்க, தெனம் காலைல ஒரு தண்ணி உருண்டைய உள்ள வச்சுப் படம் எடுப்போம் தம்பி. தண்ணி நெரப்புன வெறும் பிளாஸ்டிக் பந்து. வட்டமா, வெள்ளையாதான் வரும்."

"இப்ப இன்னா வருது?"

அவர் பொத்தானை அழுத்தினார். கண்ணாடிக்கு அப்பால் பந்து அசையாமல் இருந்தது.

திரையில் வட்டம் வந்தது.

வட்டத்துக்குள் மடிப்புகள் வந்தன.

மூளை.

"அவங்க போன நாள்லேர்ந்து இதான் வந்துகினு இருக்கு. பழைய படத்தோட வச்சுப் பாத்துட்டேன். இருபத்தேழாம் நம்பர். ஒங்க வூட்டம்மா." சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

எனக்குப் பயம் வரவில்லை. இத்தனை நாள் எதுவுமே வராத நெஞ்சில் கோபம் வந்தது.

ஆராய்ச்சி டாக்டர் தனசேகரன் பக்கத்து அறையில் இருந்தார். நேராகப் போனேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?"

"ஒருத்தரோட படத்த வச்சு எதுவும் சொல்ல முடியாது தம்பி. முந்நூறையும் சேர்த்துப் பார்த்தாதான் ஏதாவது தெரியும். சத்தியமா."

நம்பினேன். நம்பியதில் கோபம் இன்னும் ஏறியது.

"ஸ்கேன் எடுத்த அன்னைக்கு அவகிட்ட நாலு பக்கம் கேள்வித்தாள் குடுத்தீங்களே. அது?"

அவர் கண்கள் பீரோவுக்குப் போயின. உறைகள், ஒட்டியபடியே, நம்பர் வரிசையில்.

"படத்த ஆராயறவங்களுக்கு பதில் தெரியக்கூடாது. கடைசிப் படத்தையும் ஆராய்ஞ்சு முடிச்சப்புறம்தான் பிரிப்போம். முறை அது."

"பிரிங்க."

"அதெல்லாம்..."

"பிரிங்க சார்!"

இருபத்தேழைக் கத்தரித்தார். ஒன்பதாம் கேள்வி: செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா? 'அநேகமாகத் தினமும்' என்ற கட்டத்தில் டிக். தாள் கிழியும்படி அழுத்திப் போட்டிருந்தாள்.

என்னிடம் சொல்ல வந்தாள். நான் வாயை அடைத்தேன். இவர்களிடம் சொல்லியே விட்டாள். இவர்கள் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள்.

லூர்துராஜ் வாசலில் வந்து நின்றார்.

"சார், திரும்பப் போட்டேன். உருண்டைல இப்ப வேற ஆளு. பொருத்திப் பாத்தேன். நூத்திப் பன்னெண்டு."

பிரித்தோம். அதே கேள்வி. அதே கட்டம். பெயர்ப் பட்டியலில்: சுபாஷ், வெள்ளிமலை, வயது இருபத்திரண்டு.

பட்டியலில் இருந்த அவன் போன் நம்பரை நானே அழைத்தேன். மணி போனது. எடுக்கவில்லை.

எங்களுக்குப் பின்னால், ஸ்கேன் அறையில், இன்னொரு மணி அடித்தது.

"உள்ள படுத்துகினு இருக்கறவங்க பயந்தா அமுக்குற மணி," லூர்துராஜின் உதடு மட்டும் அசைந்தது. "உள்ள யாருமில்ல."

போனை வைத்தேன்.

மணி நிற்கவில்லை.

"அண்ணே, வெள்ளிமலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போடுங்க. உடனே ஆள் அனுப்பச் சொல்லுங்க."

அவர் ஓடினார். தனசேகரன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்து இழுத்து, கத்தரிக்கோலை வைத்தேன்.

"அடுத்ததப் பிரிங்க."

இன்னும் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு உறைகள். உள்ளே யாரோ விடாமல் மணியை அழுத்திக்கொண்டிருந்தார்கள்.