ஈரமில்லாத குளிர்ச்சி

மடிப்புக்குள் கை போன இடத்தில் குளிர்ச்சி இருந்தது, ஈரம் இல்லை. அதுதான் அவளுக்கு இடித்தது.

பழைய தார்ப்பாய் வாங்கி விற்கிறவளுக்கு இதெல்லாம் கை அறிந்த பாடம். நனைந்த தார்ப்பாய் சில்லிடும். காய்ந்தது பகல் வெயிலைக் குடித்துவிட்டு மாலைவரை வெதுவெதுவென்று கிடக்கும். விற்கிறவர்கள் நல்ல பக்கம் வெளியே தெரியத்தான் மடிப்பார்கள். ஓட்டையும் பூஞ்சையும் நடு மடிப்பில் குடித்தனம் நடத்தும். ஆகவே கண்ணை ஓரங்கட்டிவிட்டு, முழங்கைவரை கையை விட்டுத் துழாவுவது அவள் பழக்கம். இந்தக் கிடங்கின் பின்புறத்தில், எருக்கஞ்செடி மண்டிய வேலி ஓரம் அடுக்கியிருந்த தார்ப்பாய்க் கட்டுக்குள்ளும் அப்படித்தான் துழாவினாள்.

கட்டைவிரல் அடியில் இரண்டு பொடிக் குத்தல். வலி என்றுகூடச் சொல்ல முடியாது. பிறகு மணிக்கட்டின் மேல் ஏதோ ஒன்று, உருவிய இடுப்புவாரைப் போல, அவசரமே இல்லாமல் நகர்ந்து போனது.

அவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பேரத்தின் நடுவில் முகம் காட்டுகிறவள் கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இந்தத் தொழிலில் அவளுக்குக் 'கல்லுமுகம்' என்றே பெயர்.

"என்னம்மா, உள்ள தங்கம் கிங்கம் கிடைச்சுதா?" என்றார் கிடங்குக்காரர்.

"உங்க கிடங்குலயா அண்ணே? பூஞ்சை கிடைச்சா அதுவே பெரிய பாக்கியம்."

பெயர்ந்த கம்பி வளையம் குத்தியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கம்பி நகராது என்று உள்ளே ஒரு குரல் மறுத்தது. பேரம் படியட்டும், பிறகு பார்க்கலாம் என்று அந்தக் குரலை உட்காரவைத்தாள். அரைமணி நேரம் இழுபறி. கடைசியில் நான்கு கட்டுகள் அவளுக்கு. முதலில் கைவிட்டுப் பார்த்த கட்டின் மேல்தான் முதல் நீலச் சாக்கட்டி அடையாளத்தைப் போட்டாள். கிடங்கு ஆட்கள் தள்ளுவண்டியில் வைத்து, நான்கையும் லாரியில் ஏற்றினார்கள்.

குழாயடியில் கையைக் கழுவும்போதுதான் பார்த்தாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. ஊசி குத்தியதற்குக்கூட இதைவிட ஆர்ப்பாட்டம் இருக்கும். ஆனால் வயிற்றில் யாரோ துணி பிழிவதுபோல ஒரு முறுக்கு. நிமிர்ந்தாள். குழாய் இரண்டாக இருந்தது. ஒன்று அசையாமல் நின்றது. இன்னொன்று மெதுவாக விலகிப் போனது.

லாரி ஓட்டுகிற தம்பியைக் கூப்பிட்டாள்.

"என்னைப் பாம்பு கடிச்சிருக்குடா."

"விளையாடாதக்கா."

"நான் என்னைக்குடா விளையாடியிருக்கேன்?"

அவன் முகத்தில் அத்தனையும் தெரிந்தது. அதனால்தான் அவனைப் பேரத்துக்கே சேர்ப்பதில்லை. தார்ப்பாய்க் கயிற்றை எடுத்து அவள் முழங்கைக்கு மேல் சுற்றப் போனான். கையைத் தட்டிவிட்டாள்.

"கட்டாத. கட்டினா கைதான் அழுகும், விஷம் நிக்காது. பிளேடு, வாய் வச்சு உறியறது, ஒரு வித்தையும் வேணாம்."

"அந்தச் சனியனை அடிச்சுட்டு வர்றேன்."

"அதுகிட்ட உனக்கு என்ன பேச்சு? உன்னையும் கடிச்சா வண்டிய யாரு ஓட்டுறது? ஆஸ்பத்திரிக்குப் போன் போடு. விஷமுறிவு மருந்து இருக்கா, மூச்சுக்கு மெஷின் இருக்கான்னு கேளு."

இரண்டும் இருந்தன. ஆம்புலன்ஸ் அங்கிருந்து வந்து திரும்புவதற்குள் இவர்களே வந்து சேர்ந்துவிடலாம் என்றார்கள். ஒன்றரை மணி நேரப் பாதை. அவள் மோதிரத்தையும் வளையல்களையும் கழற்றிக் கொடுத்தாள். கையை ஒரு பலகைத் துண்டோடு தளர்வாகக் கட்டச் சொன்னாள். நீலச் சாக்கட்டியால் பலகையில் தானே எழுதினாள்: பாம்பு, நாலேகால் மணி. எழுத்து கோணியது. அழித்து மறுபடி எழுதினாள்.

லாரியின் முன்பக்கம் படுக்க இடமில்லை. பின்னால், அவளுடைய தார்ப்பாய்களின் மேலேயே ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். கிடங்குக்காரர் துணைக்கு ஏறிக்கொண்டார்.

"அது இதுக்குள்ள இருந்தா?" என்றான் தம்பி.

"தூக்கிப்போட்ட போடுல எப்பவோ ஓடியிருக்கும். நீ வண்டிய எடுப்பா!" என்றார் அவர்.

அவள் தம்பியின் சட்டையைப் பிடித்தாள். நாக்கு தடித்திருந்தது.

"கண்ணு மூடிக்கும். மூச்சுகூடத் தெரியாமப் போகும். என் முகத்தைப் பார்த்து முடிவு பண்ணாத. யார் சொன்னாலும் நிறுத்தாத."

"உன் முகத்தைப் பார்த்து என்னைக்குக்கா எதைக் கண்டோம்?" என்றான். அழுதுகொண்டேதான் சொன்னான்.

வண்டி கிளம்பியது. டீசல் வாசமும் பழைய தார் வாசமும் மூக்கில் ஏறின. பக்கவாட்டுச் சங்கிலிகள் பள்ளத்துக்குப் பள்ளம் பல்லைக் கடித்தன. மேலே மேகம் மூடிய வானம் சாம்பலாகக் கூடவே ஓடி வந்தது. இமைகள் இறங்கின. தூக்கம் அல்ல. கடைக்காரன் ஷட்டரை இழுப்பதுபோல வெளியிலிருந்து யாரோ இழுத்தார்கள். நல்ல கையின் விரல்களால் இமையைத் தூக்கிப் பிடித்தாள். இன்னும் கடை மூடலை, போடா என்று மனசுக்குள் வைதாள். விரல்கள் வழுக்கின. மறுபடி தூக்கினாள். மறுபடி வழுக்கின. பிறகு கை தூக்க வரவில்லை.

இருட்டு. ஆனால் காது திறந்தே இருந்தது.

எச்சில் கடைவாயில் வழிந்தது. மூச்சு நூலாகியது. ஒன்று இழு. விடு. இன்னொன்று. சாவு வந்து எதிரில் உட்கார்ந்து விலை கேட்டதுபோல் இருந்தது. அவள் இறங்கவில்லை. இன்னும் ஒரு மூச்சு. படியாதுப்பா. எழுந்து போ.

கிடங்குக்காரர் அவள் மூக்கின் கீழே விரல் வைத்தார். கன்னத்தைத் தட்டினார்.

"அம்மா... ஏம்மா..."

இருக்கேன், என்றாள். உதடு அசையவில்லை. ஊரையே ஏமாற்றிய முகம் இப்போது அவளுக்கே கதவைத் திறக்க மறுத்தது.

அவர் ஓட்டுநர் அறையின் பின்பலகையை ஓங்கித் தட்டினார்.

"தம்பி! நிறுத்துப்பா. அக்கா போயிட்டாங்க."

"நிறுத்த மாட்டேன்!"

"மூச்சே இல்லப்பா!"

"இருக்கும்! அவ சொல்லாம நான் நிறுத்த மாட்டேன்!"

வண்டி இன்னும் வேகமெடுத்தது. என் தம்பி, என்று நினைத்தாள். கிடங்குக்காரர் ஏதோ முனகியபடி, மரியாதைக்கு மூடிவிட, மேல்தார்ப்பாயின் விளிம்பை அவள் முகம்வரை இழுத்தார். தார் வாசம் வாயை அடைத்தது. காற்று குறைந்தது.

எதையாவது அசை. எதையாவது. கை இல்லை. கழுத்து இல்லை. கால்...

மடிப்புக்குள் புதைந்திருந்த இடது கால் பெருவிரல். ஒரு நூல் அளவு.

மறுபடி. சரக். மறுபடி. சரக்.

அப்போது குதிகாலின் கீழே, மடிப்பின் உள்ளே, குளிர்ச்சி.

ஈரமில்லாத குளிர்ச்சி.

அது இறங்கி ஓடவில்லை. நீல அடையாளம் போட்ட கட்டுக்குள்ளேயே, அவளோடு பயணம் செய்துகொண்டிருந்தது. விரல் அசைந்ததும் நின்றது. கேட்டது. பிறகு விரலை நோக்கித் திரும்பியது.

விரலை நிறுத்தினால் அது போய்விடலாம். நிறுத்தினால் அவளும் பிணம்தான். அவள் நிறுத்தவில்லை. சரக். நீ ஏற்கனவே கொடுத்தாச்சு, இன்னும் என்ன வச்சிருக்க, காட்டு. சரக். சரக்.

"ஐயோ!" என்று கத்தினார் கிடங்குக்காரர். "தம்பி! கால் அசையுது! உயிர் இருக்குப்பா!"

ஓட்டுநர் அறையிலிருந்து தம்பியின் அழுகையும் ஹாரனும் சேர்ந்து கேட்டன. அவள் முகத்தின் மேலிருந்த தார்ப்பாய் விலகியது. காற்று வந்தது. ஜெயித்துவிட்டாள்.

"இருங்கம்மா, காலைத் தேய்ச்சு விடுறேன்."

வேண்டாம்.

"சூடு வரட்டும்."

வேண்டாம் அண்ணே. உள்ள கைய விடாதீங்க.

கத்தினாள். உள்ளே, உயிர் முழுவதையும் திரட்டிக் கத்தினாள். கல் முகம் சாந்தமாகக் கிடந்தது. குதிகாலின் கீழே அது தன்னை மெல்லச் சுருட்டிக்கொண்டது. மடிப்பைப் பிரிக்கும் சரசரப்பு. அவள் பாதத்தைத் தேடி அவர் கை உள்ளே வந்தது. வெதுவெதுப்பாக. விரல், மணிக்கட்டு, முழங்கைவரை.