வாசலில் நின்ற மெசின்

மெசின் சத்தம் வீட்டின் பின்பக்கத்திலிருந்து வந்ததுதான் விக்னராஜாவுக்கு முதலில் உறுத்தியது. காலை ஏழரை மணி. கார் நிற்கும் பாதை முன்னால் இருக்கிறது. பின்னால் சரிவும் மரங்களும்தான். அங்கே போய் யாராவது பனி தள்ளுவார்களா?

பாஸ்கர் தள்ளுவான். மனைவி ரஞ்சினியின் தம்பி. எதையும் தலைகீழாகச் செய்யப் பிறந்தவன் என்பது விக்னராஜாவின் இருபது வருடத் தீர்ப்பு. மல்கிரேவ் வீட்டிலிருந்து நாலு மணித்தியாலம் காரோட்டி, விடுமுறைக்கு எடுத்த இந்த மலைவீட்டில் வந்து இறங்கியதுமே, ஷெட்டில் நின்ற, பனியை வாரி எறியும் ஸ்னோ ப்ளோவரின் கையேட்டை எடுத்துக்கொண்டு கதிரையில் குந்திவிட்டான். நேற்று இரவுச் சாப்பாட்டிலும் அதே கதை.

"பனி இறுக முதல் காலமையே தள்ளிப்போடவேணும் அத்தான். காத்துக்கு எதிரா எறியக்கூடாது. வாய் அடைச்சா எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுத் தடியாலதான் குத்தவேணும். நிப்பாட்டினாப் பிறகும் பிளேட்டில இறுக்கம் இருக்கும், கை வைச்சா ஒருக்கால் சுத்திவிடும்."

"பனி தள்ளவும் பட்டம் படிக்கவேணுமோ?" என்றார் விக்னராஜா. ரஞ்சினி சிரிக்காமல் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனாள். அக்காவும் தம்பியும் ஒரே அச்சு.

குசினி ஜன்னலை மூடுபனி அடைத்திருந்தது. கொதிக்கும் கேத்தலின் ஆவியும் எங்கிருந்தோ கசிந்த பெற்றோல் புகையும் கலந்து தொண்டையில் கசக்க, அந்த உறுமல் பின்சுவரை ஒட்டி நகர்ந்து, மூலையில் திரும்பி, படுக்கையறைப் பக்கமாக மெல்ல, அவசரமே இல்லாமல், வீட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. மடையன், வீட்டையே சுற்றுகிறான்.

ஃபோன் அடித்தது. பாஸ்கர்.

"அத்தான், நானும் அக்காவும் கீழ கடைக்கு நடந்து வந்தனாங்கள். மெசின்ல ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை, அதான் வாங்க. நான் வந்து தள்ளுறன், நீங்கள் தொடாதேங்கோ."

உறுமல் இப்போது பக்கச் சுவருக்கு வந்திருந்தது. அலமாரியில் கண்ணாடிக் குவளைகள் நடுங்கின.

"என்ன சத்தம் அத்தான் அது?"

"பக்கத்து வீட்டுக்காரன்," என்று சொல்லி ஃபோனை வைத்தார். பக்கத்தில் வீடே இல்லை. ஆனால் இவனிடமா போய்ப் பயப்படுகிறேன் என்று சொல்வது?

சத்தம் வாசலுக்கு வந்து நின்றது.

கொஞ்ச நேரம் கேத்தலை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, பாஸ்கர் வந்து பார்க்கும்போது தான் உள்ளே பதுங்கியிருப்பதை நினைத்தார். அந்த வெட்கம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. கதவைத் திறந்தார்.

முழங்கால் உயரப் பனியில், கத்தியால் வெட்டியதுபோல் ஒரு பாதை வீட்டைச் சுற்றி ஓடியது. வாசற்படியின் முன்னால் சிவப்பு மெசின். யாரும் இல்லை. பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தார். காய்ந்து கிடந்தது. எஞ்சினில் கை வைத்தார். சுட்டது.

யாரோ சேட்டை விடுகிறான். இந்த ஊர்ப் பொடியள். எங்களைக் கண்டால் இவங்களுக்கு இளக்காரம். இதை ஷெட்டில் தள்ளிவிட்டால் முடிந்தது. தள்ளினார். அசையவில்லை. மெசினின் அகன்ற வாய்க்குள் பனி கட்டியாக இறுகியிருந்தது.

ஷெட் பக்கத்தில் தடி ஒன்று சாய்ந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். பாஸ்கரின் தடி.

குனிந்து கையை விட்டார்.

ஈரப் பனி. பிறகு இரும்பு. அதற்கும் உள்ளே, முழங்கை வரை போனபோது, சூடு.

தோல்.

இழுத்தார். வரவில்லை. உள்ளே ஐந்து விரல்கள் அவருடைய விரல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக நுழைந்து, மெதுவாகக் கோத்துக்கொண்டன.

"பாஸ்கர்," என்றார். கீழே, வளைவுக்கு அப்பால், ரஞ்சினி ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. இன்னும் தூரம்.

மெசினின் மறுபக்கத்தில் எஞ்சினை இழுத்து எழுப்பும் கயிறு அசைந்தது. அதன் கறுத்த பிடி காற்றில் உயர்ந்தது. கயிறு முழு நீளத்துக்கும் இழுபட்டு, விடுபட்டுச் சுருண்டது.

எஞ்சின் ஒருமுறை இருமியது.

பிடி மறுபடியும் உயர்ந்தது.