இரண்டு நாற்பதுக்குத் திறந்த கதவு

போன் அடித்தது.

லோர்னா வாஸ்கோவின் விரல்கள் குளிரில் மரத்துப் போயிருந்தன. திரையைத் தொட்டாள். பதியவில்லை.

மூன்றாவது மணி...

நான்காவது...

"எடுடி!" என்றான் பக்கத்து சீட்டில் இருந்த அவள் கணவன் எமில். மூக்கில் ஆக்சிஜன் குழாய். மடியில் சின்ன சிலிண்டர்.

எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"லோர்னா வாஸ்கோவா?" கஞ்சி போட்ட புடவை மாதிரி விறைப்பான பெண் குரல். "நான் ஒடெஸ்ஸா ப்ரூயிட். வேலையிழந்தோர் உதவித்தொகை மேல்முறையீட்டு விசாரணை அதிகாரி. இன்னும் ஒரு தடவை மணி அடிச்சிருந்தா உங்க கேஸைத் தள்ளுபடி பண்ணியிருப்பேன்."

"இருக்கேன் மேடம்... இருக்கேன்!"

"எங்கே இருந்து பேசறீங்க? இன்ஜின் சத்தம் கேக்குதே?"

"கார்ல இருந்து. காலைல வீட்டுல கரண்ட்டை வெட்டிட்டாங்க. ஹீட்டர் இல்ல... என் புருஷனோட ஆக்சிஜன் மெஷினும் ஓடல."

"சீக்கிரம் முடிக்கப் பார்க்கறேன்."

லோர்னா போன் திரையைப் பார்த்தாள். பேட்டரி பதினோரு சதவீதம். காரில் சார்ஜ் போடும் துளை போன வருடமே செத்துவிட்டது. சிலிண்டரின் முள்ளைப் பார்த்தாள். நாற்பது நிமிடம் தாங்கும்!

கண்ணாடிக்கு வெளியே ஓஹையோவின் பிப்ரவரிப் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"எதிர்த்தரப்பில் முதியோர் இல்லத்தோட நிர்வாகி, மிஸ்டர் க்ராண்ட் டாலிவர். லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்." வெண்ணெய் தடவிய குரல்.

லோர்னா பதினேழு வருடம் அந்த இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டியவள். ஊட்டிவிட்டவள். ஒரே நாளில் அவளைத் திருடி என்று வெளியே தள்ளியவன் இவன்தான். உதவித்தொகைக்கு எழுதிப் போட்டாள். 'தவறான நடத்தைக்காக நீக்கப்பட்டவர். தகுதியில்லை' என்று பதில் வந்தது. அதையும் எழுத வைத்தவன் இவன்தான்.

இருவரும் சத்தியம் செய்தார்கள்.

"மிஸ்டர் டாலிவர், ஏன் வேலையை விட்டு நீக்கினீங்க?"

"மார்ஃபின் திருடினா மேடம். ஜனவரி ஒன்பது. பதினாலாம் ரூம்ல ஏமஸ் கிட்ரிட்ஜ்னு ஒரு பெரியவர். எலும்புல புற்றுநோய். அவரோட மருந்து பாட்டில்ல பாதியைக் கொட்டி எடுத்துட்டு சர்க்கரைத் தண்ணிய ஊத்தி வெச்சிருக்கா. நாலு மணிக்கு நர்ஸ் அதைத்தான் குடுத்திருக்காங்க. அந்த மனுஷன் வலியில அலறியே... ஆறு மணிக்குப் போயிட்டாரு."

"நான் எடுக்கல!" லோர்னா கத்திவிட்டாள்.

"உங்க முறை வரும்." ப்ரூயிட்டின் குரல் வெட்டியது. "ஆதாரம்?"

"கதவு ரிக்கார்டு மேடம். மருந்து அறையை அட்டை காட்டித்தான் திறக்க முடியும். ரெண்டு நாற்பதுக்கு அவளோட அட்டை திறந்திருக்கு."

"மிஸஸ் வாஸ்கோ?"

"அட்டை என் கோட்டுல இருந்துச்சு மேடம். கோட்டு ஓய்வறைல தொங்கிட்டிருந்துச்சு. யாரு வேணும்னாலும் எடுத்திருக்கலாம். நான் ரெண்டு மணில இருந்து ஏமஸ் ரூம்லதான் இருந்தேன். கையப் பிடிச்சுக்கோன்னு கெஞ்சினாரு... பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"அதைப் பார்த்தவங்க யாராவது?"

"ஏமஸ்தான்."

"அவரை லைன்ல..." ப்ரூயிட் நிறுத்தினார். "மன்னிக்கணும்."

லோர்னா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கு இருந்த ஒரே சாட்சியைப் பனிக்கு அடியில் புதைத்து ஐந்து வாரம் ஆகிறது!

பேட்டரி ஆறு சதவீதம்.

எமில் இருமினான். இருமல் நிற்கவில்லை. அவள் ஒரு கையால் அவன் முதுகைத் தடவினாள். உதடுகள் லேசாக நீலம் பூத்திருந்தன.

"போனை வெச்சிட்டு ஆஸ்பத்திரி போயிடலாமா?" கிசுகிசுத்தாள்.

"வெச்சே... கொன்னுடுவேன்." மூச்சு வாங்கினான். "எனக்கு... அந்த அளவுக்கு... மூச்சு இருந்தா."

ப்ரூயிட் பேசினார். "மிஸ்டர் டாலிவர், ஒண்ணு சொல்லிடறேன். தப்பு பண்ணினாங்கன்னு நிரூபிக்க வேண்டியது வேலையை விட்டு நீக்கினவங்களோட பொறுப்பு. இந்த ரிக்கார்டு அட்டையத்தான் காட்டுது. ஆளைக் காட்டல. கோட்டுல இருந்த அட்டையை வேற யாரோ எடுத்தாங்கன்னு அந்தம்மா சத்தியம் பண்ணிச் சொல்றாங்க. அதை மறுக்க நேர்ல பார்த்த சாட்சி இருக்கா?"

லோர்னா போனை இறுகப் பிடித்தாள். 'இல்லைன்னு சொல்லுடா... சொல்லுடா!'

"இருக்கு மேடம்," என்றான் டாலிவர்.

"யாரு?"

"நான்தான். என் கண்ணால பார்த்தேன்!"

"பொய்!"

"மிஸஸ் வாஸ்கோ! குறுக்கே பேசாதீங்க. என்ன பார்த்தீங்க மிஸ்டர் டாலிவர்?"

"பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தா. மூணாவது தட்டுல இருந்து பாட்டிலை எடுத்தா. சின்னக் குப்பியில ஊத்தினா. கதவுக் கண்ணாடி வழியா எல்லாத்தையும் பார்த்தேன்."

"மிஸஸ் வாஸ்கோ, இப்போ உங்க முறை. கேள்வி கேக்கலாம்."

அவள் வக்கீல் இல்லை. பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காதவள். என்ன கேட்பது?

பேட்டரி நான்கு சதவீதம்.

"அந்தக் கதவுல... கண்ணாடி கிடையாதே மிஸ்டர் டாலிவர்? முழு இரும்புக் கதவாச்சே. பதினேழு வருஷமா திறந்து மூடினவ நான்."

"ஆ... ஆமா. கண்ணாடி ஆபீஸ் ரூம் கதவுல. குழம்பிட்டேன். நான் உள்ளே இருந்தேன். அலமாரிக்குப் பின்னால ஸ்டாக் பார்த்துட்டிருந்தேன். என்னை அவ கவனிக்கல."

"உள்ளேயா?"

"உள்ளேதான்!"

லோர்னா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏதோ ஒன்று இடித்தது.

"மேடம்... அந்தக் கதவு ரிக்கார்டு உங்ககிட்ட இருக்கா? அன்னிக்கு மத்தியானத்துல இருந்து படிக்கறீங்களா?"

காகிதம் புரளும் சத்தம்.

"பன்னிரண்டு மணி. நர்ஸ் சரிபார்த்து, அறை காலின்னு குறிச்சுப் பூட்டியிருக்காங்க. அடுத்து ரெண்டு நாற்பது, உங்க அட்டை. அடுத்து நாலு அஞ்சு, மறுபடி நர்ஸ். அவ்வளவுதான்."

"நடுவுல வேற யாரும் திறக்கல?"

"திறக்கல."

"அப்போ மிஸ்டர் டாலிவர் எப்படி உள்ளே வந்தாரு?"

லோர்னா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"பன்னிரண்டு மணிக்கு உள்ளே யாரும் இல்ல. அதுக்கப்புறம் கதவு திறந்தது ஒரே ஒரு தடவை. என் அட்டைல." லோர்னாவின் குரல் நடுங்கவில்லை இப்போது. "நான் ஏமஸ் பக்கத்துல இருந்தேன்னு எனக்குத் தெரியும். உள்ளே இருந்தது நீங்கன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்போ என் அட்டையைக் காட்டித் திறந்தது யாரு சார்?"

"அவ... அவ பின்னாடியே நானும் நுழைஞ்சேன்..."

"இப்பத்தான் அலமாரிக்குப் பின்னால இருந்தேன், அவ கவனிக்கலன்னீங்க!" ப்ரூயிட்டின் குரலில் கஞ்சி இன்னும் இறுகியது. "சரி, நுழைஞ்சீங்கன்னே வெச்சுப்போம். சாகக் கிடக்கற மனுஷனோட மருந்துல தண்ணி கலக்கறதைப் பார்த்துட்டு, நாலு மணிக்கு அவருக்கு அதைக் குடுக்கற வரைக்கும் வாயைத் திறக்கலையா?"

"மேடம், அது வந்து..."

"இன்னொண்ணு. நீங்களே இணைச்சு அனுப்பின காகிதம் இங்கே இருக்கு. போலீஸ்ல நீங்க குடுத்த வாக்குமூலம். அன்னிக்குக் காலைல பத்துல இருந்து சாயந்திரம் ஏழு வரைக்கும் கொலம்பஸ் நகரத்துல மீட்டிங்ல இருந்ததாச் சொல்லியிருக்கீங்க. இதுல எது பொய், மிஸ்டர் டாலிவர்?"

க்ளிக்!

"வெச்சிட்டான்!" என்றான் எமில்.

"விசாரணை முடிஞ்சது," என்றார் ப்ரூயிட். "இந்தப் பதிவை எங்கே அனுப்பணுமோ அங்கே அனுப்பறேன். மிஸஸ் வாஸ்கோ, இப்போ போனை வெச்சிட்டு உங்க புருஷனைக் கூட்டிட்டு..."

போன் அணைந்தது.

லோர்னா ஆக்ஸிலேட்டரை மிதித்தாள்.

ஆஸ்பத்திரி தூரம். நேராகத் தீயணைப்பு நிலையம்! கதவை உதைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். "ஒரு பிளக் பாயின்ட் குடுங்க! ஒண்ணே ஒண்ணு!" நான்கு பேர் எமிலைக் காரில் இருந்து தூக்கி வந்து கட்டிலில் கிடத்தினார்கள். டிக்கியில் இருந்த மெஷினை இறக்கி மாட்டினார்கள். அது முனக ஆரம்பித்ததும்தான் அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

நான்காம் நாள்.

இன்னும் அங்கேதான் இருந்தார்கள். எமில் தீயணைப்பு வீரர்களிடம் சீட்டாட்டத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தான்.

கதவில் ஒரு நெட்டையான ஆள். இடுப்பில் போலீஸ் பேட்ஜ்.

"லோர்னா வாஸ்கோ?"

அவள் எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது. பேசாமல் இரண்டு மணிக்கட்டுகளையும் நீட்டினாள்.

அவர் அதைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"டிடெக்டிவ் ஹாலோரன். பைக்குள்ள போடுங்க கையை, குளிருது. ப்ரூயிட் மேடம் அனுப்பின பதிவைக் கேட்டு டாலிவரைப் பிடிச்சிட்டோம். கார் ஸ்டெப்னி டயருக்குள்ள பதினாறு குப்பி மார்ஃபின். ஒரு வருஷமா வித்திட்டிருக்கான். ஏமஸுக்கு முன்னால இன்னும் மூணு பேரோட மருந்துல கை வெச்சிருக்கான்."

லோர்னாவின் கை வாயைப் பொத்திக்கொண்டது.

"உங்களுக்கு ஒண்ணு தெரியுமா?" ஹாலோரன் கோட்டுப் பையில் இருந்து ஒரு காகிதத்தை உருவினார். "கைது உத்தரவு. உங்க பேர்ல! ஏமஸ் கிட்ரிட்ஜ் சாவுக்கு. அந்தப் போன் விசாரணைக்கு மறுநாள் காலைல உங்களைத் தூக்கறதா இருந்தோம். எங்ககிட்ட இருந்த எல்லாமே உங்களைத்தான் காட்டுச்சு."

"அப்போ..."

"உங்களுக்கு உதவித்தொகை கிடைச்சா முதியோர் இல்லம் அரசுக்குக் கட்டற வரி கொஞ்சம் ஏறும். முதலாளிங்க ஏன்னு கேப்பாங்க. அதுக்குப் பயந்து டாலிவர் லைன்ல வந்து அளந்து விட்டிருக்கான். அந்த அற்பப் பணத்தைத் தடுக்காம வாயை மூடிட்டு இருந்திருந்தான்னா, இன்னிக்கு நீங்க ஜெயில்ல... அவன் ஆபீஸ்ல!"

காகிதத்தை நான்காகக் கிழித்தார்.

"ப்ரூயிட் மேடம் தீர்ப்பு எழுதிட்டாங்க. தப்பான நடத்தை நிரூபிக்கப்படல. முதல் வாரத்துல இருந்தே உங்களுக்கு உதவித்தொகை உண்டு."

லோர்னா எமிலைக் கட்டிக்கொண்டாள். மெலிந்த தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"டாலிவரை இல்லத்துல இருந்து நேத்தே நீக்கிட்டாங்க," என்றார் ஹாலோரன்.

எமில் சீட்டுக்கட்டைக் கீழே வைத்தான். மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு இருமினான்.

"அப்போ அவனும் உதவித்தொகைக்கு எழுதிப் போடுவான் சார். விசாரணைக்குப் போன் வந்தா... பாதியில வெக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லி வைங்க!"