பதினேழாவது இணைப்பு

"அய்யய்யோ... கை! கை!"

ஹெப்பகோடித் தொழிற்சாலையின் ஆயுத பூஜைப் புகையைக் கிழித்தது அந்த அலறல்!

முதலில் ஓடியவள் என்ஜினியர் கிருத்திகா. தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் அருகே ஆபரேட்டர் கோவிந்தப்பா ரத்தத்தில் துடித்துக்கொண்டிருந்தார். மாலையும் சந்தனப் பொட்டுமாய் மெஷின் மட்டும் மாப்பிள்ளை போல நின்றது.

துப்பட்டாவை உருவினாள். மணிக்கட்டுக்கு மேல் இறுக்கிக் கட்டினாள்.

ஆம்புலன்ஸ் போனது. போலீஸ் வந்தது.

"இவதான் சார்! நெட்வொர்க் பிளான் இவளோடது. டிரஸ்ல ரத்தத்தைப் பாருங்க!" என்றார் மேனேஜர் முகேஷ்.

"அடிபட்டவனைத் தூக்கினா ரத்தம் படாம பன்னீரா சார் படும்?" என்ற இன்ஸ்பெக்டர் இளங்கோவன், அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, கை உள்ளே போனா மெஷினை நிறுத்த சென்சார் இருக்காமே? ஏன் நிறுத்தலை? பதில் இல்லேன்னா உன்னைத்தான் அரெஸ்ட் பண்ணணும்."

கிருத்திகா லேப்டாப்பைத் திறந்தாள். பார்த்தாள்... திடுக்கிட்டாள்!

"சார்... சென்சார் நெட்வொர்க்லயே இல்லை! மெஷினை ஓட்டுற இந்தக் கன்ட்ரோலர் பதினாறு கருவிகளோடதான் பேசும். என் பிளான்லயே பதினாறும் நிரம்பிடுச்சு. நெட்வொர்க் ஸ்விட்ச்ல ஓட்டை காலியா இருக்கேன்னு எதையும் சொருகாதீங்கன்னு கெஞ்சினேன்."

"சொருகினா?"

"பந்திதான் சார். முதல்ல உக்காந்தவங்களுக்கு இலை. கடைசியா வந்தவர் பட்டினி. இன்னிக்கு சென்சார் பட்டினி!"

"யாரும் எதையும் சொருகலை! சாமி சத்தியம்!" முகேஷ் கத்தினார்.

"உங்க ரூம் டிஸ்ப்ளே வரலைன்னு ஒரு வாரமா திட்டினீங்களே சார்?"

"அதுவா? காலையில பூஜை முடிஞ்சு எல்லாத்தையும் ஆன் பண்ணினதும் ஜம்முனு வந்துடுச்சு! எல்லாம் கடவுள் அருள்!"

கடவுள் பாவம். மறுத்துப் பேச அவருக்கு வக்கீல் இல்லை.

"அப்போ பதினேழாவது இணைப்பு உங்க டிஸ்ப்ளேதான்! இன்னிக்கு அது பந்தியில முந்திக்கிச்சு," என்று இளங்கோவன் புருவம் உயர்த்தினார். முகேஷுக்கு இப்போதுதான் உறைத்தது.

"ச... சரி சார். தெரியாம நடந்த தப்பு. வெறும் விபத்து!"

"இல்லை சார்," என்றாள் கிருத்திகா. "சென்சார் பதில் சொல்லலைன்னா மெஷின் நகராது. அப்படித்தான் புரோகிராம் எழுதியிருக்கேன். யாரோ சென்சாரை ஒதுக்கிவிடுற பைபாஸ் சாவி போட்டு ஓட்டியிருக்காங்க. அந்தச் சாவி உங்ககிட்ட மட்டும்தானே?"

முகேஷின் விபூதியை வியர்வை கரைத்தது. "ராகு காலம் நெருங்கிடுச்சு... முதல் பீஸை நல்ல நேரத்துல அடிச்சாகணுமேன்னு..."

இன்ஸ்பெக்டரின் செல்போன் அலறியது. கேட்டார். முகம் தளர்ந்தது.

"கோவிந்தப்பா பொழைச்சுட்டார்மா. கையும் தப்பிச்சுது. நீ கட்டின கட்டுதான் காப்பாத்துச்சாம்."

கிருத்திகா கண்மூடிக் கைகூப்பினாள்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பைக் காட்ட, முகேஷ் வாட்சைப் பார்த்தார். "சார், இப்பவே வரணுமா...?"

"தயங்காம வாங்க சார்... எங்க ஸ்டேஷன்ல இருபத்துநாலு மணி நேரமும் நல்ல நேரம்தான்!"