பதம் பார்க்கும் மீன்கள்

எங்கள் ஆறாம் குமிழில் விடிந்ததற்கு அடையாளம் சேவல் இல்லை, இருமல். கூரை விளக்கு மெல்ல வெளுக்கும்போது கிழக்கு வரிசையில் யாராவது ஒருவர் தொடங்கி வைப்பார். அது வீடு வீடாக நகர்ந்து எங்களிடம் வந்ததும் நானும் என் பங்கைப் போட்டுவிட்டு எழுந்துகொள்வேன். பிறகு எல்லோரும் உயிர்ச்சுவருக்கு முத்தம் கொடுக்காத குறையாக நின்று ஆழமாக மூச்சுவிட வேண்டும். ஊரையே மூடியிருக்கும் குமிழின் உட்புறம் முழுக்கப் பூசியிருக்கும் ஈரப்பாசிதான் உயிர்ச்சுவர். நாம் விடும் கெட்ட காற்றைத் தின்று வளர்ந்து, நல்ல காற்றைத் தரும். அது முற்றுகிறவரை உள்ளே இருப்பது பச்சைக் காற்று. நெஞ்சைக் கொஞ்சம் அறுக்கும். கொஞ்சம் என்பது அலுவலகம் சொல்லும் அளவு.

கடற்கரை இனி மனிதருக்கு ஆகாது என்றானபின், தூத்துக்குடிக்காரர்களான எங்களை முதலில் ஐந்தாம் குமிழில்தான் குடிவைத்தார்கள். வீடு இலவசம், சோறு இலவசம், சட்டையில் குத்திக்கொள்ள 'முன்குடி' என்று ஒரு வில்லை. பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் ஒரே மகன் ரூபன் அங்கேதான் இருமி இருமிப் போனான். பிறகு ஐந்தாம் குமிழின் காற்று கெட்டுவிட்டதென்று சொல்லி, மிஞ்சியவர்களை இங்கே கொண்டுவந்தார்கள். இங்கே என் மனைவி செலஸ்தினுக்கு ஒரு பக்க நுரையீரல் போயிற்று. இப்போது பாசி முற்றிவிட்டது. கொஞ்ச நாளாகத்தான் அவள் ராத்திரியில் உட்கார்ந்து மூச்சு வாங்காமல் படுத்துத் தூங்குகிறாள்.

அந்தச் சமயத்தில் குமிழ் அதிகாரி மகிழினி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வரவேற்புக் கூடத்தில் சின்னதாக ஒரு பவளத்தொட்டி வேண்டுமாம். நான் ஒரு காலத்தில் கிளினிக்குகளிலும் நகைக்கடைகளிலும் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்துப் பிழைத்தவன்.

"போயிட்டு வாரும்," என்றாள் செலஸ்தின். "ஆனா அந்தப் பொண்ணுகிட்ட பல் டாக்டர் மீன் கதையைச் சொல்லாதீரும்."

"கதை இல்லட்டி, நடந்தது. டாக்டர் ஊசியை எடுத்தா, பேஷண்டுக்கு முந்தி அந்த மீன் மயங்கி விழும்."

"ஆமா. நீரு வளத்த நண்டு நேரா நடந்த மாதிரி."

"அது மரியாதை தெரிஞ்ச நண்டு."

கல்யாணமான நாள் முதல் நான் சொன்ன எதையும் அவள் நம்பியதில்லை. நம்பாமலே கேட்டுக்கொண்டிருப்பாள்.

முழங்கை நீளக் கண்ணாடிப் பெட்டி. வடித்த தண்ணீரில் உப்பைக் கரைத்து, உப்புமானியை மிதக்கவிட்டுப் பார்த்தேன். அடியில் பவள மணல், அதன்மேல் ஓட்டை விழுந்த பாறைகள், அலை கிளப்ப ஒரு சின்ன பம்ப், நீல வெளிச்சம். தண்ணீர் தெளிந்ததுமே மகிழினி வந்துவிட்டார். என் மகன் இருந்திருந்தால் அவன் வயதுதான் இருக்கும். உயிர்ச்சேமிப்பகத்திலிருந்து வந்த இரண்டு கோமாளி மீன்கள் அவர் கையில் பையில் சுற்றிக்கொண்டிருந்தன.

"விட்டுடலாமா, ஐயா?"

"இன்னைக்கு விட்டா நாளைக்குக் குழம்பு வைக்கலாம். உப்புகூடப் போட வேண்டாம்."

"ஏன், தண்ணி சுத்தமாத்தானே இருக்கு?"

"அதான் கோளாறு. மீனோட கழிவு தண்ணிக்குள்ள விஷமாவும். அந்த விஷத்தைத் தின்னுற கிருமி இந்தப் பாறையில குடியேறணும். கிருமிக்குத் தீனி வேணும்னா, உள்ள ஏதாவது உசிரு கிடந்து மூச்சு வாங்கணும். அதுக்கு முரட்டு மீன் இருக்கு, டாம்சல்னு. மலிவு. எங்க தொழில்ல மொதல்ல அதைத்தான் விடுவோம்."

"அதுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"ஆகும். செவுள் வேகும். பாதி மிதக்கும். மிச்சம் பாடுபட்டு, தண்ணியைப் பதமாக்கிரும்."

அவர் தலையாட்டிவிட்டுப் பையோடு போய்விட்டார். டாம்சல்கள் வந்தன. நான் சொன்னபடியே மிதந்தன. நான் சொன்னது நடந்த அபூர்வ சந்தர்ப்பம் அது. கடைசியில் மூன்று மீன்கள் நின்றன, துடுப்பு கிழிந்து, கண்ணில் ஒரு முறைப்போடு. சோதனைத் திரவம் நிறம் மாறாமல் நின்றதும் மகிழினிக்கு ஆள் அனுப்பினேன்.

"தயார். இப்ப உம்ம கோமாளியை விடலாம். ஆனா அதுக்கு முந்தி இந்த மூணையும் புடிச்சு வெளிய எடுத்திரணும்."

"இவ்வளவு நாள் தாக்குப்பிடிச்சுதே."

"தாக்குப்பிடிச்சதுலதான் குணம் கெட்டிருக்கும். புதுசா வாரதைக் கடிக்கும், இது என் இடம்னு."

"எடுத்து என்ன செய்வீங்க?"

"அடுத்த தொட்டிக்குத்தான். எங்கேயாவது எவனாவது ஒருத்தன் புதுத் தொட்டி வச்சுக்கிட்டேதானே இருப்பான்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் சட்டையில் இருந்த வில்லையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழாம் குமிழுக்குச் சுவர் பூசியாச்சு, ஐயா," என்றார். "இங்கே நிரந்தரமாத் தங்க நிலைக்குடிகள் வரப்போறாங்க."

தொடங்கிய சிரிப்பை எங்கே இறக்கிவைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"அஞ்சாம் குமிழ்ல காத்து கெட்டுப்போச்சுன்னு சொன்னாவளே?"

"கெடலை. எங்கம்மா அங்கேதான் இருக்காங்க. மூட்டுவலிகூடக் குறைஞ்சிருக்கு."

பம்ப் ஒரு முறை விக்கிவிட்டு மறுபடி ஓடியது.

"நல்லது," என்றேன். "அங்கே காத்து நல்லாத்தான் இருக்கும். என் மகன் மூச்சும் அதுல கிடக்கு."

அவர் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கெஞ்சத் தெரியாதவன். அன்றைக்குத்தான் முயன்று பார்த்தேன். "என் வீட்டுக்காரி இன்னொரு பச்சைக் காத்தைத் தாங்கமாட்டா, அம்மா."

"முன்குடி யாரும் இங்கே தங்கக் கூடாது. தொட்டியைப் பராமரிக்க மட்டும் ஒருத்தரை வச்சுக்கலாம். ஒருத்தர்தான். உங்களைத்தான் நினைச்சிருந்தேன்."

"என்னையா? நான் வாளி தூக்குறவன். தொட்டி விஷயத்துல எங்க வீட்ல கைராசி செலஸ்தினுக்குத்தான்."

செலஸ்தின் வாழ்நாளில் புளி கரைக்காமல் மீனைத் தொட்டவள் இல்லை. மகிழினி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும். "சரி," என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "ஏட்டி, ஏழாம் குமிழ்ல ஒரு தொட்டி வைக்கணுமாம். வச்சிட்டு வந்திருவேன். அதுவரைக்கும் கூடத்துல இருக்கதை நீ பாத்துக்க. தண்ணி எவ்வளவு வத்துதோ அவ்வளவு நல்ல தண்ணி ஊத்து. உப்புத்தண்ணியை ஊத்திராத, வத்துறது தண்ணிதான், உப்பு உள்ளேயே கிடக்கும்."

அவள் வாசலைப் பார்த்தாள். தெரு முழுக்க மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் தொட்டி வைக்கவா போறாவ?"

"பெரிய தொட்டி. ஆள் நிறைய வேணும்."

அவள் என் சட்டையில் போடாமல் விட்டிருந்த பொத்தானைப் போட்டுவிட்டாள். போட்டபின்னும் விரலை எடுக்கவில்லை.

"நம்புதேன்," என்றாள்.

மூன்று மீன்களையும் ஒரு பிளாஸ்டிக் கேனில் எடுத்துக்கொண்டு வண்டி ஏறினேன். ஏழாம் குமிழின் கூடத்தில் எனக்காக ஒரு கண்ணாடிப் பெட்டி காத்திருந்தது. கேன் தண்ணீரோடு பெட்டித் தண்ணீரை விளாவி, மீன்களை உள்ளே விட்டேன். சில நாளில் அவை மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

பக்கத்து வீட்டில் வேதாரண்யத்திலிருந்து வந்த இளம் ஜோடி. பளபளக்கும் புது வில்லைகள். நேராக நடந்த நண்டின் கதையை வாய்பிளந்து கேட்டு அப்படியே நம்பினார்கள்.

"பாட்டி வரலியா, தாத்தா?" என்றான் அந்தப் பையன்.

"ஆறாம் குமிழ்ல பவளம் வளக்கா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்; இதை மட்டும் நம்பவில்லை. அவன் என் தோளில் கையைப் போட்டு அழுத்தினான். அவள் உள்ளே போய் எனக்கு ஒரு டீ கொண்டுவந்தாள். கொடுக்கும்போது முகத்தைத் திருப்பி, வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

"தூசி," என்றாள்.

"ஆமாம்மா," என்றேன். "புது வீடு பாரு, தூசிதான்."